மாலை போட்ட ட்ராலி

நம் மருத்துவமனையின் ட்ராலிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் முதல் வாரமே ஓய்வறையில் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். ஆயுத பூஜையன்று நெஞ்சு வலியோடு வந்த லாரிக்காரர் ஒருவர், உயிரே போனாலும் ட்ராலியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த கதை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் அது விஜயதசமி. இன்னொருவருக்கு அது மாட்டுப் பொங்கல். போன மாதம் பி.எஃப். வேலையாக அங்கே வந்தபோது கேன்டீனில் நான் கேட்ட கதையில் அந்த மனிதர் லாரியிலிருந்து குதித்து ஓடவே செய்தார். ட்ராலி தள்ளும் நம் செல்வராசு அவரைத் துரத்திப் பிடித்தாராம்.

யாராவது நாளைத் தவறாகச் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்க் கல்வெட்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள் நான். கோவில் விளக்குக்கு யாரோ ஒருவர் ஆடு கொடுத்ததைக்கூட அரசனின் ஆட்சியாண்டு போட்டுக் கல்லில் வெட்டி வைத்த ஊர்ப்பக்கம் இது. ஒரு மனிதரின் உயிர் ஊசலாடிய பிற்பகலை நாம் மாட்டுப் பொங்கலில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. பணி ஓய்வு பெறும்வரை உங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள், அன்றைக்கு அந்த லாரியின் படியில் ஏறி நின்றவள் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கூடவே உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றும் அதில் இருக்கிறது.

பிரேக் போடுவது, பக்கக் கம்பியை ஏற்றுவது, சக்கரத்தில் முடி சிக்கினால் எடுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஆனால் மருத்துவமனையில் ட்ராலி என்பது என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நோயாளியை அதில் தள்ளுகிறோம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் ஒரு வீட்டையே தள்ளுகிறோம். வார்டு மாற்றுகிறோம் என்று சொன்ன உடனே தலையணை, வெந்நீர் ஃபிளாஸ்க், டிஃபன் கேரியர், வாளி, வாளிக்குள் செருப்பு எல்லாம் நோயாளியின் கால்மாட்டில் ஏறிவிடும். ஆபரேஷன் முடிந்தவர் காலை மடக்கிக்கொண்டு வருவார், வாளி வசதியாகக் கால் நீட்டி வரும். காலையில் மருந்து ட்ராலியின் கிரீச் சத்தம் கேட்டதும் ஊசிக்குப் பயந்த குழந்தைகள் கண்ணை இறுக்கி மூடித் தூங்குவதுபோல நடிக்கும். அதே குழந்தைகள் கேன்டீன் ட்ராலி வந்தால் கட்டிலில் எழுந்து நிற்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதைவிட இட்லி ட்ராலி வருவதை ஆவலோடு எதிர்பார்க்கும் வார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர்களும் அதில் அடக்கம்.

இப்போது அந்த நாள். கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தை மறந்துவிட்டிருந்த காலம். பெரும்பாலும் புரட்டாசியில் வந்துவிடும் ஆயுத பூஜை அந்த ஆண்டு ஐப்பசி பிறந்த பிறகு வந்தது. கிழமை திங்கள். விஜயதசமி அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. கிழமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

ட்ராலி தள்ளுபவர்களுக்கெல்லாம் மூத்தவர் செல்வராசு. மீன்சுருட்டிக்காரர். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. முந்தின நாளே எல்லா ட்ராலிகளையும் வீல்சேர்களையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் துடைத்து, வரவேற்புக் கூடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார். அவசரப் பிரிவு ட்ராலியை மட்டும் அதன் இடத்திலிருந்து நகர்த்த முடியாது. அது எப்போதும் போர்டிகோ கதவை ஒட்டித் தயாராக நிற்க வேண்டியது. வழக்கமாக அதற்குப் பூஜை கிடையாது. அந்த ஆண்டு செல்வராசு என் மேசைக்கு வந்தார்.

“மேடம், வருசம் பூரா நாயா ஒழைக்கிறது அது ஒண்ணுதான். அத வாசல்ல நிக்க வச்சிட்டு, சும்மா கெடக்குற வண்டிக்கெல்லாம் மால போட்டா நல்லாவா இருக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. நின்ற இடத்திலேயே அதற்கும் பூஜை போட்டுவிடுவது, மாலையோடு அங்கேயே நிற்கட்டும், யாராவது வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. டியூட்டி டாக்டரும் சரி என்றார். சென்னையில் படித்துவிட்டு வந்த இளம்பெண் அவர். பொரி பொட்டலத்துக்காக இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

மற்ற வண்டிகளுக்குத் தலா ஒரு முழம் பூ என்றால், அவசர ட்ராலிக்குச் செல்வராசு தனியாகவே வாங்கி வந்திருந்தார். புதுசாக வெளுத்த வெள்ளை விரிப்பை மடிப்புக் கலையாமல் விரித்தார். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். இரண்டு பக்கக் கம்பியிலும் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கனமான சாமந்தி மாலை. விரிப்பின் மேல் பொரியும் பொட்டுக்கடலையும் தூவி, தலைமாட்டில் ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்திக் கொத்தைச் செருகி வைத்தார். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டியதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பிறகு ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்தேன். எங்கள் ஒருவர் கண்ணிலும் தவறாக ஒன்றும் படவில்லை.

பூஜை முடிந்து சுண்டல் கை மாறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் சத்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே ஒரு டிப்பர் லாரி உள்ளே வந்தது. அதற்கும் பூஜை முடிந்திருந்தது. முகப்பில் ஆளுயர மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. போர்டிகோவின் கூரையில் வாழை இலை உரசிக் கிழிய, பாதி உள்ளேயும் பாதி மழையிலுமாக லாரி நின்றது. ஓட்டிவந்த இளைஞர் இறங்கி ஓடிவந்தார்.

“மேடம், எங்க மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆலத்தியூர்லேருந்து வரோம். பூசணிக்கா ஒடச்சிட்டு அப்படியே ஒக்காந்துட்டாரு. ஆம்புலன்சுக்குச் சொல்றதுக்குள்ள அவரே வண்டில ஏறிட்டாரு.”

மாமாவின் பெயர் கலியபெருமாள். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவர். பக்கத்து இருக்கையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, வியர்வையில் அது கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் பின்னால் நெருக்கி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி அஞ்சலை.

டாக்டர் கொலுசு சத்தம் கேட்க லாரிப் படியில் ஏறினார். நாடி பார்த்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்தார், பாக்கெட்டிலிருந்து மாத்திரை எடுத்து வாயில் போட்டுக் கடிக்கச் சொன்னார். திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்தது. பிறகு அவரிடம் சொன்னார்.

“அப்பா, இது இருதய வலி. நீங்க ஒரு எட்டுகூட நடக்கக் கூடாது. நடந்தீங்கன்னா இருதயம் இன்னும் கஷ்டப்படும். இப்படியே ட்ராலிக்கு நகந்து வந்துருங்க. உள்ள போனதும் ஊசி போட்டுரலாம்.”

செல்வராசு ட்ராலியை லாரிக் கதவோடு ஒட்டிக் கொண்டுவந்து உயரத்தை ஏற்றினார். கலியபெருமாள் கீழே பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் நடந்தே வரேம்மா.”

“நடக்கக் கூடாதுன்னுதானே இப்ப சொன்னேன்?”

“அது சாமி ஒக்காந்திருக்குற வண்டிம்மா. அதுல போயிக் கால நீட்டச் சொல்றீங்களே.”

செல்வராசு முன்னால் வந்தார். “பூச முடிஞ்சிருச்சுண்ணே. சாமி கும்பிட்டாச்சு, சுண்டலும் குடுத்தாச்சு. வாங்க.”

“பூச போட்ட ஆயுதத்த மறுநா காலைல வரைக்கும் எடுக்கக் கூடாது தம்பி. தெரியாதா ஒனக்கு?”

“இது ஆயுதமாண்ணே? வண்டி. நாலு சக்கரம் இருக்குல்ல.”

“வண்டின்னா பழம் நசுக்கணும். நசுக்குனியா நீ?”

செல்வராசு குனிந்து பார்த்தார். பழம் நசுங்கவில்லை. ட்ராலியை இழுத்து வந்தபோது சக்கரம் ஒதுங்கி, இரண்டு எலுமிச்சம்பழமும் முழுசாகப் போர்டிகோ சரிவில் உருண்டு போயிருந்தன. லாரியின் பின் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். இன்னொன்றை மருமகன் மழையில் ஓடிப் பொறுக்கி வந்தார். சக்கரத்தடியில் வைத்து முன்னும் பின்னும் உருட்டி நசுக்கினார்கள். டாக்டர் படியில் நின்றபடி ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. திட்டினாரா, வேண்டிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

“நசுக்கியாச்சுண்ணே. வாங்க.”

கலியபெருமாள் மூச்சு வாங்கினார். “மணி என்னா இப்ப? திங்கக்கெழம மத்தியானம் குளிகை. குளிகைல எது செஞ்சாலும் திருப்பித் திருப்பிச் செய்யணும். இப்ப இதுல ஏறுனா நான் இன்னும் எத்தன தடவ ஏறுறது?”

இந்த இடத்தில் அவர் தவறான ஆளிடம் மாட்டிக்கொண்டார். கிழமை சொன்னால் ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் நான். “திங்கக்கிழமை குளிகை மூணு மணியோட முடிஞ்சுது ஐயா. இப்ப மூணு தாண்டிருச்சு” என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவரிடம் வேறு காரணம் இல்லை. ஆனாலும் அவர் நகரவில்லை. வலது கை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. “என்னய நடக்க வுடுங்க” என்று மட்டும் சொன்னார். குரல் இறங்கிவிட்டிருந்தது. வியர்வை இப்போது சட்டையை நனைத்துவிட்டது.

“மேடம்” என்றார் டாக்டர், மெதுவாக. “இதுக்கு மேல முடியாது.”

தூக்கிப் போட்டுவிடலாம். செல்வராசுவும் மருமகனும் சேர்ந்தால் ஒரு நிமிஷ வேலை. பல பேருக்கு அந்த இடத்தில் அதுதான் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இருதய வலிக்காரர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுபறி செய்தால், நடந்து போவதைவிட அது மோசம். அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. காரணங்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள் பதில் சொல்லிவிட்டோம். பதில் சொன்ன பிறகும் ஒருவர் அசையவில்லை என்றால், அவர் சொன்னது எதுவும் அவருடைய காரணம் இல்லை. புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்த ஒரு வரியை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும். நோயாளியோடு வாதம் செய்து ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் நேரம்தான் நாம் அவரைக் கவனிக்கத் தவறிய நேரம்.

டாக்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு லாரியின் படியில் நான் ஏறினேன். அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் பக்கத்தில் நின்று, அவர் உயரத்திலிருந்து, அவர் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்ட பக்கம் பார்த்தேன்.

கீழே நின்று பார்த்தபோது பூஜை போட்ட வண்டியாகத் தெரிந்தது, மேலேயிருந்து வேறாகத் தெரிந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் தலையிலிருந்து கால்வரை சாமந்தி மாலை. துணியின் மேல் பொரி. தலைமாட்டில் ஊதுபத்திப் புகை. நடுவில் ஓர் ஆள் மல்லாந்து படுப்பதற்கு இடம்.

நல்ல நாளில் இறைக்கும் அதே பொரிதான், அதே பூதான். சுடுகாட்டுக்குப் போகும் வழியிலும் அதைத்தான் இறைக்கிறோம். பூஜை, பூஜை என்றே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அதை அவரால் சொல்லவும் முடியவில்லை. அந்த வார்த்தையை நல்ல நாளும் அதுவுமாக, மனைவி பக்கத்தில் இருக்கும்போது, வாயால் எப்படிச் சொல்வது? அதனால்தான் சாமியையும் பழத்தையும் குளிகையையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலை என் பக்கம் சாய்ந்தார். முந்தானையை வாய்க்கு மேல் வைத்துக்கொண்டு, கணவர் காதில் விழாதபடி சொன்னார்: “அந்தப் பூவ எடுத்துரச் சொல்லுங்கம்மா.”

“பார்த்துட்டேன்மா” என்றேன்.

மாலையை எடு என்று சத்தமாகச் சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் சொல்லக் கூடாத வார்த்தையும் வந்துவிடும். கீழே பார்த்துச் சொன்னேன்: “செல்வராசு, டாக்டர் கைவைக்க இடமில்ல. கம்பிய ரெண்டு பக்கமும் காலி பண்ணுங்க. விரிப்பு தூறல்ல நனைஞ்சிருச்சு, அதையும் உருவிருங்க. அந்தப் புகை இருமல் வரவைக்கும்.”

விரிப்பு நனையவே இல்லை. செல்வராசு ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு ட்ராலியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. மாலை, பொரி, விரிப்பு, ஊதுபத்தி எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி மருமகன் கையில் கொடுத்தார். எலும்புக்கூடுபோல நின்றது ட்ராலி.

“வேற விரிப்பு?” என்றார்.

அஞ்சலை அதற்குள் லாரி இருக்கையின் பின்னாலிருந்து ஒரு போர்வையை இழுத்துவிட்டிருந்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது. டீசல் வாசனையும் பீடி வாசனையும் அடித்தது. “இந்தாங்க, இது அவரு லோடு எறக்குற எடத்துல படுக்குற போர்வ.”

அடுத்து முதுகுப் பலகை. அதை நிமிர்த்தி ஏற்றச் சொன்னேன். நெஞ்சு வலிக்காரருக்குப் படுப்பதைவிடச் சாய்ந்து உட்காருவதே நல்லது என்று டாக்டர் உடனே தலையசைத்தார். கைப்பிடியைச் செல்வராசு சுற்றச் சுற்ற, தட்டையாகக் கிடந்தது எழுந்து நாற்காலி மாதிரி ஆனது. கலியபெருமாள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

“சாயுமா இது?”

“பஸ் சீட்டு மாதிரிண்ணே. எவ்ளோ வேணும் சொல்லுங்க, வச்சித் தரேன்.”

“இன்னும் கொஞ்சம் ஏத்து.”

ஏற்றினார். கலியபெருமாள் கதவுக் கம்பியை விட்டார். டாக்டர் தோளைப் பிடிக்க, மருமகன் இடுப்பைத் தாங்க, லாரி இருக்கையிலிருந்து ட்ராலி இருக்கைக்கு ஒரு நகர்வில் வந்துவிட்டார். தன் போர்வையைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் அவர் ஓட்டுநராகிவிட்டார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்ததோ, உட்கார்ந்த தோரணையோ, குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

“பிரேக்க எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேண்ணே.”

“பின்னால பாத்துத் திருப்பு. இழுக்குது பாரு ஒரு பக்கமா. அலைன்மெண்டு பாக்கலியா நீ?”

“நாளைக்குப் பாத்துர்றேண்ணே.”

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வழக்கமாக வரவேற்புக் கூடம் வழியாகத்தான் போவோம். கூடத்தில் மற்ற ட்ராலிகள் மாலையும் பொரியுமாக வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே செல்வராசு கூடத்துக்குள் நுழையாமல், சமையலறை நடை பக்கம் ட்ராலியைத் திருப்பிவிட்டார். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த வழியில் யாரும் நோயாளியைக் கொண்டுபோனதில்லை. இட்லி ட்ராலி மட்டுமே போய்வரும் பாதை அது.

“என்னா தம்பி, சமையக்கட்டு வழியா ஓட்டுற?”

“மெயின் ரோட்டுல டிராஃபிக்குண்ணே. இது பைபாஸ்.”

அதற்குக் கலியபெருமாள் சிரித்தார். சுண்டல் பாத்திரத்தோடு எதிரே வந்த சமையல்காரர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். “ஒதுங்குய்யா, லோடு வண்டி வருதுல்ல” என்று கலியபெருமாள் அவரையும் ஒரு அதட்டு அதட்டினார்.

பிறகு பேச்சு நின்றுவிட்டது. தலை பலகையில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. சக்கரச் சத்தமும் எங்கள் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டன. டாக்டர் ஓடிக்கொண்டே அவர் கழுத்தில் விரலை வைத்தார். அஞ்சலை ட்ராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அண்ணே” என்றார் செல்வராசு. “அண்ணே, முன்னால திருப்பம் வருது. லெப்ட்டா, ரைட்டா?”

செல்வராசு தள்ளும் வேகத்தைக் குறைத்தார்.

“ஓட்டுங்க, நிக்காதீங்க” என்றார் டாக்டர்.

“அண்ணே, வழி தெரியல. சொல்லுங்கண்ணே. லெப்ட்டா, ரைட்டா?” இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கட்டடத்தில் வண்டி தள்ளியவர் செல்வராசு.

கண்ணைத் திறக்காமலே கலியபெருமாளின் உதடு அசைந்தது. “ஆரன் அடிச்சிட்டுத் திரும்புறா.”

செல்வராசு உண்மையாகவே வாயால் ஹாரன் அடித்தார். டிப்பர் லாரி ஹாரன். அந்தச் சத்தத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை உள்ளேயிருந்து யாரோ அவசரமாகத் திறந்துவிட்டார்கள். டாக்டரும் ட்ராலியும் உள்ளே போக, எங்கள் முகத்துக்கு முன்னால் கதவு மூடியது.

காத்திருந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மருமகன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலையை எவ்வளவோ சொல்லியும் உட்கார வைக்க முடியவில்லை. கதவில் பதித்திருந்த கண்ணாடி வட்டத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். செல்வராசு என்னை நடையின் மறுகோடிக்கு அழைத்துப் போனார்.

“மேடம், அழகா இருக்கணும்னுதான் செஞ்சேன்.”

“அழகாத்தான் இருந்துச்சு.”

“அப்புடி ஒண்ணு தோணவே இல்லியே மேடம் எனக்கு. எங்க அப்பாருக்கு நானே என் கையால கட்டியிருக்கேன். எனக்குத் தோண வேணாமா?”

“நாம நின்னுக்கிட்டுப் பார்த்தோம். அவரு அதுல படுக்கணும்னு பார்த்தாரு” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அதைவிடச் சரியாகச் சொல்ல வரவில்லை.

அதன் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் அவசர ட்ராலிக்கு மாலை கிடையாது. பூஜை உண்டு. கீழே சக்கரத் தண்டில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் ஒரு பொட்டு. உங்களில் சிலர் அதை ஏதோ பழைய கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறீர்கள், காதில் விழுந்தது. செல்வராசு செய்த ஏற்பாடு அது. இன்றும் பொட்டு வைப்பது அவர்தான். ட்ராலியில் வெள்ளை விரிப்புக்குப் பதிலாக நீங்கள் கோடு போட்ட விரிப்பு போடுவதும், பேசும் நிலையில் இருக்கும் நோயாளியை முதலில் சாய்த்து உட்காரவைத்துப் பார்ப்பதும் அன்றைக்கு வந்த பழக்கம்தான். உத்தரவாக எங்கும் எழுதி ஒட்டவில்லை. செய்து பார்த்தோம், ஜனங்கள் மறுக்காமல் ஏறினார்கள்.

ஒரு வழியாகக் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். தலைமுடியில் இன்னும் ஒரு வாழையிலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரத்தக் குழாய்ல அடைப்பு இருந்துச்சுமா. மருந்து போட்டுக் கரைச்சிருக்கோம், நல்லா கேட்டிருக்கு. இனிமே பயப்பட வேணாம். காலைல திருச்சிக்கு அனுப்பி மத்ததெல்லாம் பாத்துக்கலாம்.”

அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். கொஞ்ச நாளைக்கு அவரு லாரி ஓட்டக் கூடாது. ஸ்டீயரிங்கையே தொடக் கூடாது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மழை நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“அத நீங்களே போயிச் சொல்லிருங்கம்மா. நான் சொன்னா மறுபடியும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துருவாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவரே உள்ளே போனார். கதவு முழுதாக மூடவில்லை. சற்று நேரம் அவருடைய மெல்லிய குரல் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு நடை முழுவதும் கேட்கும்படி கலியபெருமாளின் குரல் வந்தது.

“யாரு, நானா? அப்ப வண்டிய யாரு ஓட்டுறது? எங்க மாப்ளயா? ஆலத்தியூர்லேருந்து இங்க வர்ற வரைக்கும் ரெண்டாவது கியருலயே உருட்டிக்கிட்டு வந்தாரும்மா அவரு. நெஞ்சு வலிய விட அதப் பாத்துக்கிட்டு வந்த வலிதான் எனக்குப் பெரிசு.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். சத்தம் போடாதீங்க என்று ஒரு நர்ஸ் அதட்டினார். கலியபெருமாள் நிறுத்தவில்லை. மருமகன் கிளட்ச்சில் வைத்த காலை எடுக்கவே இல்லை என்பதற்குப் போய்விட்டார்.

மருமகன் தலை நிமிர்ந்தார். “கேட்டீங்களா அத்த? இனிமே தெனமும் பக்கத்துல ஒக்காந்து இப்புடித்தான் திட்டப் போறாரு.”

அஞ்சலை அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கதவுக்கு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த அந்த வசவைக் கேட்டார்.

“திட்டட்டும் மாப்ள” என்றார்.